சூரியன் மீது ஒரு தீர்மானம்

ஜூன் மாதம் பிறந்து இருபது நாள் ஆகியும் குற்றாலத்தில் சாரல் விழவில்லை. அதற்குக் காரணம் பெலிக்ஸ் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் இரும்புக் குழாய்தான் என்று செண்பகச்சோலை நகர் குடியிருப்போர் நலச் சங்கம் கண்டுபிடித்தது.

கண்டுபிடிப்பு ஒரே நாளில் நடந்துவிடவில்லை. முதலில் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சொன்னார்கள். காற்றாலைகளைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. அடுத்து செல்போன் கோபுரத்தைச் சொன்னார்கள். கோபுரம் நின்ற இடம் சங்கத் தலைவர் ஞானதுரையின் இடம். மிச்சமிருந்தது பெலிக்ஸ்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது செண்பகச்சோலை நகர். பெயரில் மட்டும்தான் செண்பகமும் சோலையும். இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் மாடி எடுத்து, அறைகள் கட்டி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாரல் விழுந்தால் அருவியில் தண்ணீர் விழும். தண்ணீர் விழுந்தால் ஆள் வரும். ஆள் வந்தால்தான் மாடிக்கு மரியாதை.

பெலிக்ஸுக்கு முப்பத்து மூன்று வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவன். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியிருந்தான். மாடியில் முப்பது அடிக் குழாய். அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் செம்புக் கம்பிகள். அறைக்குள் ஒரு ரேடியோப் பெட்டி. இன்டர்நெட் வேண்டாம், கோபுரம் வேண்டாம். கம்பியிலிருந்து கிளம்பும் அலை வானத்துக்கு ஏறும். அங்கே சூரியன் மின்னேற்றி வைத்திருக்கும் ஒரு அடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இன்னொருவன் கம்பியில் விழும். சூரியன் நல்ல குணத்தோடு இருந்தால் இத்தாலிக்காரன் அடுத்த வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். சூரியன் முறைத்துக்கொண்டால் அடுத்த மாவட்டம்கூடக் கேட்காது. பதினோரு வருடத்துக்கு ஒரு தடவை சூரியனுக்கு வேகம் உச்சத்துக்கு ஏறும். இப்போது அந்த உச்சம். தூரத்துக் குரல்கள் கொட்டுகிற காலமும் இதுதான், திடீரென்று எல்லாம் செத்துப்போகிற காலமும் இதுதான்.

அவன் மனைவி ஜெனி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள்.

அதற்குப் பிறகு ஊரே அவனை விசாரித்தது. மருந்துக்கடையில் விசாரித்தார்கள், பஸ்ஸில் விசாரித்தார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இறக்கி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு வள்ளித்தாய் மட்டும் குரலை இறக்கவில்லை. "ஒங்க வேதத்துலயே ஒரு பிள்ளை இருக்கு தம்பி, பாவூர்சத்திரத்துல. போட்டோ காட்டட்டா?" என்று காம்பவுண்டுக்கு மேலாகக் கேட்டாள்.

ரேடியோவில் யாரும் விசாரிப்பதில்லை. உன் சிக்னல் ஐந்து-ஒன்பது, அதாவது படு தெளிவு, என் ஊரில் வெயில், நன்றி, வணக்கம். அவ்வளவுதான். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை அவன் அப்படிப் பேசினான். நாள் முழுக்க அவன் மனசார வாய் திறப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். குழாய் போனால் அதுவும் போகும்.

சங்கக் கூட்டத்தில் வள்ளித்தாய்தான் முதலில் எழுந்தாள்.

"மேல மூணு ரூமு சும்மா கெடக்கு. மடிச்ச பெட்ஷீட்டு மடிச்சபடி இருக்கு. மேகம் மலை வரைக்கும் வருது. தம்பி வீட்டுக் கம்பியப் பாத்ததும் அங்கனயே திரும்பிருது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"மேகம் கேரளாப் பக்கம் இருந்து வருதுக்கா. கம்பி மலைக்கு இந்தப் பக்கம்லா இருக்கு," என்றான் பெலிக்ஸ்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். வார மேகத்துக்கு மொகத்துக்கு நேரா நிக்கிது."

செயலாளர் இசக்கிமணி ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மினிட் புத்தகத்தை வழக்கு டைரி போல எழுதுகிறவர். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "கம்பிக்கும் மேகத்துக்கும் முன்விரோதம் ஏதும் உண்டுமாவே?"

பெலிக்ஸ் உரிமத்தைக் காட்டினான். புயல் வெள்ளம் வந்து செல்போன் எல்லாம் படுத்துக்கொண்டாலும் இது பேசும் என்றான். தலைவர் ஞானதுரை அதைக் கவனமாகக் கேட்டார். பாவூர்சத்திரம் சந்தையில் முப்பது வருடமாக வெங்காய மண்டி நடத்துகிறவர். எந்தச் சரக்கையும் வெட்டிப் பார்க்காமல் எடுக்கமாட்டார்.

"விஞ்ஞானம் வேண்டாம்னு நான் சொல்லலடே. ஆனா பொதுமக்களுக்குக் கண்ணால காட்டணும்லா. வெளிநாட்டுக்காரன் ஒருத்தனை எங்க முன்னால பேச வையி. பேசிட்டாம்னா குழாய் இருக்கட்டும். பேசலைன்னா நீயே கழத்திரணும். சரிதான?"

பெலிக்ஸ் சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"அஞ்சு மணி ராகுகாலம்லா."

"அண்ணாச்சி, நீங்க சர்ச்சு கமிட்டியில இருக்கீங்க."

"நான் நம்புததில்லடே. நம்புதவங்க மனசு நோகக்கூடாது பாரு." நம்பாத ஞானதுரைக்கு ஏழு கிழமையின் நல்ல நேரமும் மனப்பாடம். "காலையில பத்தே முக்காலுலருந்து பதினொண்ணே முக்கால் வரைக்கும் கௌரி நல்ல நேரம். ஆராதனையும் முடிஞ்சிரும்."

உச்சி வெயில் நேரம் ஆபத்து என்று பெலிக்ஸ் சொல்லிப் பார்த்தான். சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று நாலு நாளாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது எந்நேரமும் வெடிக்கலாம். பகலில் வெடித்தால் வெயில் படுகிற பாதி பூமிக்கு ரேடியோ கிடையாது.

"கரும்புள்ளி யாருக்கு?" என்றார் இசக்கிமணி.

"சூரியனுக்கு."

"அப்ப அது சூரியன் பாடு," என்று எழுதி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட், கேசரி, காராச்சேவு. பிளெக்ஸில் ஞானதுரை ஒரு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெலிக்ஸுக்கு உதவியாகச் செங்கோட்டையிலிருந்து ஹபீபுல்லா வந்திருந்தார். இன்வெர்ட்டர் கடைக்காரர், அவரும் உரிமம் உள்ளவர். இரண்டு பேருமாகப் பெட்டியை மாடிக்குத் தூக்கிக் கம்பியை இணைத்தார்கள்.

எதிர் முனைக்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தது இந்தோனேசியாவில். பாண்டுங் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர். தங்கமான மனிதர், சொன்ன நேரம் தவறாதவர். பத்து நாற்பத்தைந்துக்குப் பெட்டியில் அவர் குரல் மணி அடித்தது போல் வந்தது. பெலிக்ஸின் அழைப்புக் குறியை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

"டாக்டர் வந்துட்டாரு. பேசிருவோம்," என்று பெலிக்ஸ் மைக்கை எடுத்தான்.

இசக்கிமணி அவன் கையைப் பிடித்தார். "தலைவர் இப்பதான் படி ஏறுதாரு. தலைவர் இல்லாம தொடங்குனா கூட்டம் செல்லாது. வரவேற்புரை இருக்குல்லாவே?"

வரவேற்புரையை இசக்கிமணியே வாசித்தார். பாண்டுங் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். இசக்கிமணி வாசிப்பதை நிறுத்தித் திரும்பினார். "அந்த ஆளை ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இருக்கச் சொல்லும். சபை நாகரிகம் வேண்டாமா?"

ஹபீபுல்லா சத்தத்தைக் குறைத்தார். டாக்டர் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு பொன்னாடை. தலைவருக்குத் துணைத்தலைவர் போர்த்தினார், துணைத்தலைவருக்குத் தலைவர் போர்த்தினார். பந்தல் போட்டவருக்கு ஒன்று, ஹபீபுல்லாவுக்கு ஒன்று. ஒன்று மிஞ்சியது. அதை ரேடியோவுக்குப் போர்த்திப் படம் எடுத்தார்கள். "எந்தா இது, சூடாகிப் புகையும்லா," என்று ஹபீபுல்லா உருவி எடுத்தார். பிறகு தலைவர் உரை. வெங்காய விலையில் தொடங்கி, உலகம் ஒரு குடும்பம் என்பதற்கு வந்து, அந்தக் குடும்பத்தில் செண்பகச்சோலை நகரின் இடம் என்ன என்று விளக்கி முடிக்கும்போது மணி பதினொன்று இருபத்திரண்டு.

"இப்ப நம்ம வெளிநாட்டு நண்பர் பேசுவார்," என்றார் ஞானதுரை. கைதட்டினார்கள்.

ஹபீபுல்லா சத்தத்தைக் கூட்டினார். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினார். வழக்கமான இரைச்சல்கூட இல்லை. பெட்டி ஊமையாக இருந்தது. பெலிக்ஸ் கூப்பிட்டான், ஐந்து தடவை. கம்பி இணைப்பைச் சோதித்தான். பிறகு போனை எடுத்துப் பார்த்தான். விண்வெளி வானிலைப் பக்கத்தில் சிவப்புக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. வெடித்தது பதினொன்று பதினெட்டுக்கு.

"சூரியன்ல வெடிப்பு," என்றான். "பெரிசு. ஒரு மணி நேரம் ஒண்ணும் கேக்காது."

சபை பந்தலை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. சூரியன் முழுசாகத்தான் இருந்தது.

"சத்தம் ஒண்ணும் கேக்கலியே," என்றார் துணைத்தலைவர்.

"கணக்குல முட்டை வாங்குனவன் பென்சில் ஒடிஞ்சிட்டும்பான். அதுமாதிரிலா இருக்கு," என்றாள் வள்ளித்தாய், கேசரியை வழித்தபடி.

"அரை மணி நேரமா அந்த மனுசன் கத்திக்கிட்டு இருந்தாருல்லா, அது யாரு காதுலயும் விழலியா?" என்றார் ஹபீபுல்லா.

"அது நிகழ்ச்சி தொடங்குததுக்கு முன்னால நடந்தது. கணக்குல வராது," என்றார் இசக்கிமணி.

இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள் என்று பெலிக்ஸ் கேட்டான். பதினொன்றே முக்காலுக்கு நல்ல நேரம் முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். இசக்கிமணி அங்கேயே எழுதினார்: மேற்படி பெலிக்ஸ் என்பவர் குழாயை ஏழு நாளில் அகற்ற வேண்டியது. மேற்படி சம்பவத்துக்குச் சூரியன் என்பவரே காரணம் என்று அவர் கூறுகிறார். மேற்படி சூரியன் விசாரணைக்குக் கிடைக்கவில்லை.

"வெடிச்சதுல கிளம்பின துகள் பூமிக்கு வர ரெண்டு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமையும் ஒரு ஆட்டம் இருக்கும். அதுக்குப் பொறவு சரியாயிரும். வேற ஒரு நாள் திரும்ப வைங்க," என்றான் பெலிக்ஸ்.

அதையும் இசக்கிமணி எழுதிக்கொண்டார். வாக்குமூலம் எதையும் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேற்கே மலை மறைந்தது. நாலு மணிக்குச் சாரல். புதன்கிழமை விடியும்போது ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது. வியாழக்கிழமை சாலையில் வேன் வரிசை. வள்ளித்தாயின் மூன்று அறையும் நிறைந்து, நாலாவதாக அவள் சமையலறையையும் கேட்டார்கள்.

இசக்கிமணி மினிட் புத்தகத்தோடு வந்தார். பின்னால் தலைவர், கையில் மாலை.

"ஸ்டேட்மெண்ட் இங்கன இருக்குவே. செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கும்னு நீரு அன்னைக்கே சொல்லியிருக்கீரு."

"நான் சொன்னது காந்தப்புயல். இது பருவமழை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல."

"தன்னடக்கம்," என்றார் ஞானதுரை. மாலையைக் குழாயில் போட்டார். கழற்றும் தீர்மானம் ரத்தானது.

அன்றிலிருந்து வாசலில் கூட்டம். போர்வெல் போட எந்த நாள் நல்லது, பெண் பார்க்கப் போகலாமா, வேனுக்குப் புதுச் சக்கரம் இப்போது மாற்றலாமா. எல்லாவற்றுக்கும் சூரியன் என்ன சொல்லுகிறது என்று கேட்டார்கள். சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது. கடைசியில் கேட்டில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, அன்றைய காந்தக் குறியீட்டு எண்ணை மட்டும் எழுதி வைத்தான். இரண்டு என்றால் அமைதி, ஐந்து என்றால் காந்தப்புயல். அவர்களே அர்த்தம் பார்த்துக்கொண்டார்கள். நாலுக்கு மேல் போன நாளில் ஞானதுரை சின்ன வெங்காயம் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் அவன் கவனித்தான். ஜெனியைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. வள்ளித்தாய்கூடப் பாவூர்சத்திரத்துப் போட்டோவைப் பிறகு எடுக்கவே இல்லை. தலையைச் சாய்க்காமல் நேராகப் பார்த்து, "இன்னைக்கு எத்தன தம்பி?" என்று கேட்டார்கள். "மூணு" என்றால் போய்விட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இத்தாலி நன்றாகக் கேட்டது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று அவன் நினைத்தான்.

மூன்று வாரம்தான். ஜூலை நடுவில் மழை வலுத்தது. அருவியில் செந்தண்ணீர் பாறையை மறைத்து விழுந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். ஒரு நாள் தடை, இரண்டு நாள் தடை, ஆறு நாள் தடை. வந்த வேன்கள் அருவியைத் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போயின. மாடிகள் காலியாயின.

சங்கம் அவசரமாகக் கூடியது.

"கம்பி மழைய இழுக்குது, நான் இல்லங்கல. ஆனா ஓவரா இழுக்குது," என்றாள் வள்ளித்தாய். "கொஞ்சம் கொறைச்சாத் தேவல."

"முழுசாக் கழத்துனா வெயில் அடிச்சிரும்," என்றார் துணைத்தலைவர்.

"அப்ப பாதியாக்கிருவோம். முப்பது அடியைப் பதினஞ்சாக்கிருவோம். சாரலும் இருக்கும், தடையும் இருக்காது," என்றார் ஞானதுரை. எந்தப் பேரத்தையும் அவர் பாதியில் முடிப்பார்.

பெலிக்ஸ் எழுந்து நின்றான். "அண்ணாச்சி, இதுக்கும் மழைக்கும் சம்பந்தமில்ல. நூறு தடவை சொல்லிட்டேன்."

"சம்பந்தமில்லன்னா பாதியாக் கொறைச்சா ஒனக்கு என்னடே நட்டம்?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. உயரம் குறைந்தால் அலை தொடுவானத்தை நோக்கிப் போகாது. நெட்டுக்குத்தாக மேலே ஏறி, பக்கத்து ஊர்களின் தலையிலேயே விழும். இதை எப்படிச் சுருக்குவது என்று யோசித்தான்.

"இத்தாலி கேக்காது," என்றான்.

"இத்தாலியில ஒனக்கு யாரு இருக்கா?"

பெலிக்ஸ் உட்கார்ந்தான். "யாரும் இல்ல."

"பொறவென்ன?" என்றார் ஞானதுரை. கை தூக்கச் சொன்னார். எல்லாரும் தூக்கினார்கள்.

டெல்லிக்கு எழுதலாம் என்றார் ஹபீபுல்லா. உரிமம் இருக்கிறது, விட்டுக்கொடுக்காதே என்றார். எழுதினால் விசாரணை வரும், விசாரித்துவிட்டுப் போவார்கள், அதன் பிறகும் அதே தெருவில் இருக்க வேண்டும். பெலிக்ஸ் எழுதவில்லை. சனிக்கிழமை இரண்டு பேருமாகக் குழாயை அறுத்தார்கள். இசக்கிமணி டேப் வைத்து அளந்தார். பதினைந்து அடி இரண்டு அங்குலம் இருந்தது. இரண்டு அங்குலத்தைச் சந்தேகத்தின் பலன் என்று விட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இத்தாலி இல்லை. ஆறு மணி வரை இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சும்மா இருக்க முடியாமல், பெட்டியைத் தாழ்ந்த அலைவரிசைக்குத் திருப்பினான். கோட்டயம் வந்தது. மதுரை வந்தது. கூரைமேல் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு சத்தமாக வந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண் குரல் அவனைப் பிடித்துக்கொண்டது. ஆனந்தவள்ளி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"புதுக் குரலா இருக்கே. சிக்னல் ஐந்து-ஒன்பது, நல்லாக் கேக்குது. தென்காசியில மழை எப்படி? வீட்டுல யாரெல்லாம் இருக்கிய? ஓவர்."

வீட்டில் யாரெல்லாம் என்று ரேடியோவில் அவனை இதுவரை யாரும் கேட்டதில்லை. மைக்கின் பொத்தானை அழுத்தினான். மழை பெய்கிறது என்றான். அழுத்தியபடியே இருந்தான்.

பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எதிர்முனைக்காரர் பேச முடியாது. ஐயோ என்று சொல்ல முடியாது, ஆறுதல் சொல்ல முடியாது, தலையைச் சாய்த்தாலும் தெரியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

"நான் மட்டும்தான் இருக்கேன் டீச்சர்," என்றான். "என் வைஃப் பேரு ஜெனி."

முதல் நாள் தலைவலி என்றாள். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் மாத்திரைதான் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனது மூன்றாம் நாள். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாள். ஒன்பது நாளையும் வரிசையாகச் சொன்னான். குரல் எங்கேயும் ஏறவில்லை, இறங்கவில்லை. வானிலை சொல்கிற குரல்தான். முடித்ததும் ஓவர் என்று சொல்லிப் பொத்தானை விட்டான். விரல் வெளுத்திருந்தது.

இரைச்சல் வந்தது.

"முழுசும் வந்துச்சு," என்றது டீச்சரின் குரல். "ஒரு வார்த்தை விட்டுப் போவல. ரெண்டாம் நாள் மாத்திரை குடுத்தேன்னு சொன்னியள்ளா? அங்கன இருந்து எனக்குக் கேக்கணும். நான் இருக்கேன், நிதானமாச் சொல்லுங்க. ஓவர்."

கீழே கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. வள்ளித்தாய்.

"ஏய் தம்பி! தடையை எடுத்துட்டாவளாம். கம்பியக் கொறைச்சதும் மழையும் எப்படிச் சொல்லி வச்ச மாதிரி கொறைஞ்சிருச்சு பாத்தியளா? ஆடி அமாவாசை வரைக்கும் இப்படியே ஓடுமான்னு அண்ணாச்சி கேக்கச் சொன்னாவ!"

"இருங்கக்கா," என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னான் பெலிக்ஸ். "பேசிக்கிட்டிருக்கேன்."

பொத்தானை அழுத்தினான்.